நாலாவது மாடி காத்திருக்கட்டும்

தேநீர் ஆறிவிட்டதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம் சார். ஆறினதைக் குடித்துத்தான் எனக்குப் பழக்கம். இரவு வேலை பார்க்கிறவனுக்கு யார் சூடாகப் போட்டு நீட்டப் போகிறார்கள்.

நடுநடுவே எழுந்து நடப்பேன், தப்பாக நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆட ஆரம்பித்துவிடுகிறது. மேசை ஆடும், உங்கள் கையெழுத்து கோணும். மருத்துவமனைக்காரர்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இந்த அறையில் சுவருக்குச் சுவர் ஒன்பது அடி வைக்கலாம். நீங்கள் வருவதற்குள் அளந்துவிட்டேன். அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? பத்து மணி ஐந்து நிமிடம். சரிதான்.

என்னை வெள்ளிக்கிழமையே வரச் சொல்லியிருந்தீர்கள். திங்கள் காலை வருகிறேன் என்று நான்தான் கேட்டேன். ஒத்துக்கொண்டதற்கு நன்றி. மத்தியானம் இரண்டு மணிக்கு என் அக்கா வரப்போகிறாள் என்பதும் தெரியும். என்ன எழுதிக் கொடுக்கப் போகிறாள் என்பதும் தெரியும். அதற்கு முன்னால் நான் சொல்லி முடித்துவிட வேண்டும்.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

இந்த மருத்துவமனையில் ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பூட்டிய அலமாரி ஒன்று இருக்கும். அதற்குள் பச்சை விளக்குகள் மினுக்கும் தட்டையான இரும்புப் பெட்டி. அதற்குப் பெயர் சுவிட்ச். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார், "சுவிட்ச் பாத்துக்கறதுக்கா ஆள் போடறாங்க? வீட்ல நாங்களே போட்டு நாங்களே அணைச்சுக்கறோமேப்பா." அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அத்தான் நல்ல மனிதர். ஒரு நகைச்சுவையை ஒரு வருடம் வைத்து ஓட்டுவார்.

ஒரு மாடியில் இருக்கும் கணினி, போன், பிரிண்டர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து சேரும். அங்கிருந்து கீழே போவதற்கு ஒரே ஒரு கேபிள்தான். வழி காலியாக இருக்கும்போது யார் முதலில், யார் கடைசி என்ற பேச்சே இல்லை. எல்லாம் வந்த கையோடு போய்விடும். நெரிசல் வந்தால்தான் பெட்டி எல்லோரையும் எட்டு வரிசையாகப் பிரித்து நிறுத்தும். மேல் வரிசையில் ஒரே ஒருவர் நின்றால்கூடக் கீழ் வரிசையைத் திரும்பிப் பார்க்காது. எது எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று அதற்கு எழுதி வைப்பது என் வேலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு வரி தட்டினால் போதும்.

பேச்சுக்கு எப்போதும் மேல் வரிசை கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது அது. கடிதம் அரை நிமிடம் தாமதமாக வந்தாலும் படிக்கலாம். குரல் அப்படி இல்லை. போன் நம் குரலை நொடிக்கு ஐம்பது பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. நேரம் தவறி வரும் பொட்டலத்தை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வரிசை நிரம்பினால் பெட்டி அதைக் கீழே போட்டுவிடும். போட்டதற்கு ஒரு கணக்கு மட்டும் வைத்திருக்கும்.

இப்போது அக்காவைப் பற்றி.

அவள் என்னைவிடப் பதினொரு வயது பெரியவள். அம்மா போனபோது எனக்கு எட்டு. அதன் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள்தான். நான் இதையெல்லாம் மறுக்கவே இல்லை. நாலாவது மாடி வார்டுக்கு அவள்தான் பொறுப்பு; பத்தொன்பது வருடமாக நர்ஸ். அவள் கை பட்டால் ஊசி வலிக்காது என்று நோயாளிகள் சொல்வார்கள். நான் இன்ஜினியரிங் மூன்று வருடம் படித்து, நாலு பேப்பர் பாக்கி வைத்து, நிறுத்திவிட்டேன். அதிலிருந்து அவள் என்னை அரைகுறை என்று கூப்பிட ஆரம்பித்தாள். செல்லமாகத்தான். "என் தம்பி அரைகுறை வந்துட்டான், வழி விடுங்கடி" என்பாள் மற்ற நர்ஸுகளிடம். அவர்களும் நான் போகும்போது ஒதுங்கி நின்று வழி விடுவார்கள். வாயைப் பொத்திக்கொண்டு.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவள். நான் தங்குவது அவள் வீட்டு மாடி அறையில். இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டுக் காலை எட்டரைக்கு வீட்டுக்கு வருவேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்ததும் அவள்தான். ஒன்பதரைக்குக் கண் அயரும். பத்தேகாலுக்குப் போன் வரும்.

அவளிடம் ஒரு குறை உண்டு. அவளுக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியாது. கேன்டீனில் இருபது பேர் நிற்பார்கள். அவள் நேராக முன்னால் போய், "வார்டுல ஆள் இல்லம்மா, சட்டுனு குடு" என்பாள். கொடுத்துவிடுவார்கள். லிஃப்டில் அவள் மாடிக்குத்தான் முதலில் போக வேண்டும். எங்கள் துறையில் ஒரு ஒழுங்கு உண்டு. என்ன கோளாறானாலும் கணினியில் பதிய வேண்டும். ஒரு எண் வரும், அதை டிக்கெட் என்போம். அந்த எண் வரிசையில்தான் பார்ப்போம். தலைமை மருத்துவரே டிக்கெட் போடுவார். அக்கா போட்டதில்லை. அவளுக்கு என் போன் நம்பர் தெரியுமே.

ஒரு நாள் அப்படித்தான் பத்தேகாலுக்குக் கூப்பிட்டாள்.

"டேய் அரைகுறை, பிரிண்டர் ஓடல. வா."

"டிக்கெட் போடுக்கா. பகல்ல வேற ஆள் இருக்காங்க. நான் இப்பதான் படுத்தேன்."

"டிக்கெட்டா? ஒன்ன தூக்கி வளத்தேனே, அதுக்கு நான் எந்த டிக்கெட்டுடா போட்டேன்?"

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. போனேன். பிரிண்டரில் காகிதம் தீர்ந்திருந்தது. அவ்வளவுதான். காகிதத்தை வைத்தேன். அக்கா என் முதுகில் தட்டி எல்லோருக்கும் சொன்னாள்: "பாத்துக்கங்கடி. மூணு வருஷம் இன்ஜினியரிங் படிச்சான், பேப்பர் வெக்கக் கத்துக்கிட்டான்." ஒரு நோயாளிகூடச் சிரித்தார். தையல் போட்டிருந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அன்று வேலைக்கு வந்ததும் நாலாவது மாடிப் பெட்டியில் அந்த வரியைத் தட்டினேன். வார்டில் இருக்கும் பதினான்கு போன்களின் குரலையும் மேல் வரிசையிலிருந்து எடுத்துக் கடைசி வரிசையில் வைத்தேன். பிரிண்டருக்கும் கீழே.

சில விஷயங்களை இங்கே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் அறுக்கவில்லை, நிறுத்தவில்லை. நோயாளிகளின் நெஞ்சோடு ஒட்டியிருக்கும் மானிட்டர்களை நான் தொடவே இல்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. போன் அடிப்பதற்கும் எடுப்பதற்கும் தனி வரிசை உண்டு. அதையும் தொடவில்லை. போன் முழுக்கச் செத்தால் யாராவது வந்து பழுது பார்ப்பார்கள் அல்லவா? அடிக்கும், எடுப்பார்கள். வழியில் நெரிசல் இருந்தால் மட்டும், நாலாவது மாடியிலிருந்து கிளம்பும் பேச்சு சற்றே காத்திருக்கும். எதிர்ப்பக்கத்துப் பேச்சு இவர்களுக்கு நன்றாகக் கேட்கும். இவர்கள் பேச்சுதான் காத்திருக்கும். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு மனுஷிக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். இது ஒன்றும் கொடூரமான ஆசை இல்லை.

ஐந்து வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த மாடியில் நெரிசல் என்பதே வருவதில்லை. ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கும் இயந்திரம் அதே மாடியில் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கள்கிழமை அதிலுள்ளதை எல்லாம் வேறு கட்டிடத்துக்கு நகல் அனுப்புவார்கள். அப்போது மட்டும் கேபிள் பிதுங்கும். அது இரவில் நடந்துகொண்டிருந்தது. இரவில் அக்கா கிடையாது. அதனால் என் வரி அந்தப் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. கையில் கட்டிய கடிகாரம் மாதிரி எனக்கு அது இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. வேலை முடிந்து போகும்போது ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போவேன்.

பிறகு நகல் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். இரவில் வேலை பாதியில் நின்றால் பார்க்க அவர்களிடம் ஆள் இல்லையாம். இனிமேல் காலை பத்து மணிக்குத் தொடங்கி ஐம்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். எங்கள் மேனேஜர் அதை என்னிடம் தள்ளினார். "நீயே பாத்துப் பதில் போட்டுடு." சம்மதம் என்று பதில் போட்டேன். அந்தக் கடிதம் இன்னும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். மரியாதையான கடிதம்.

முதல் மாதம் லேசாகத்தான் தெரிந்தது. அக்கா மருந்தகத்துக்குப் போன் செய்தாளாம். எடுத்தவர் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டாராம். மறுபடியும் செய்தாளாம், மறுபடியும் அதே கதை. கடைசியில் ஆள் அனுப்பியதற்கு, "சிஸ்டர் போன் பண்ணிட்டு மூச்சு விடாம நிக்கறாங்க, எங்கமேல கோவமா?" என்று கேட்டுவிட்டார்களாம். சாயங்காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். "ஒம் பேச்சு தாங்காம போனே வாய மூடிக்கிச்சு" என்றார்.

அடுத்த நாள் ஒரு டிக்கெட் வந்தது. நாலாவது மாடி வார்டு. "நாங்கள் பேசுவது சில நேரம் அந்தப் பக்கம் கேட்கவில்லை. மற்ற நேரம் சரியாக உள்ளது. அவசரமில்லை, உங்கள் முறைப்படி பார்க்கவும்." கீழே அக்கா பெயர்.

பத்தொன்பது வருடத்தில் அவள் போட்ட முதல் டிக்கெட். காலையில் நான் வீட்டுக்கு வந்ததும், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"டிக்கெட் போட்டேன்டா. நம்பர்லாம் வந்துச்சு. பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ தூங்கற நேரத்துல இனிமே கூப்புட மாட்டேன். அத்தான் ரொம்பத் திட்டுறாரு, தம்பி கண்ணு குழி விழுந்து கெடக்குன்னு."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்கிறீர்கள். நினைப்பது புரிகிறது. அவள் வரிசையில் வந்து நின்றுவிட்டாள். நான் கேட்டது நடந்துவிட்டது. அன்றே அந்த வரியை எடுத்திருக்கலாம். உண்மைதான். நான் அந்த டிக்கெட்டைத் திறந்தேன். "சோதிக்கப்பட்டது. கோளாறு இல்லை" என்று எழுதி மூடினேன். ஏன் என்று கேட்டால், ஒரு தடவை நின்றவளுக்குப் பழக்கம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்று விட்டேன்.

பத்தாம் படுக்கைக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரியும். ஒரே ஒரு முறை பேசியிருக்கிறேன். வார்டில் ஒரு கணினித் திரை இருண்டுவிட்டது என்று போயிருந்தேன், அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. பேருந்து ஓட்டுநர். நாற்பத்துநாலு வயது. குடலில் அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். தள்ளுபடுக்கையில் வைத்து ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இருவது வருஷம் உக்காந்துக்கிட்டே ஊர் சுத்துனேன். இப்ப படுக்க வெச்சே சுத்துறாங்க. சொகமாத்தான் இருக்கு. ஒரே கொறை, பிரேக்கு என் கால்ல இல்ல." தள்ளுகிறவர்கள் சிரித்ததில் வண்டி சுவரில் இடித்தது. அவர் மனைவி கட்டிலடியில் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள்.

திங்கள்கிழமை காலை பத்து இருபத்தொன்றுக்கு அவருக்கு மூச்சு நின்றது. நுரையீரலில் ரத்தக்கட்டி என்று அறிக்கையில் போட்டிருக்கிறார்கள். வார்டில் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் லாக்கருக்குள் பூட்டியிருக்கும். விதி அப்படி. அக்கா மேசைப் போனில் இரண்டாவது மாடி டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் எடுத்தார். பதினோரு நொடி. வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாள். பதினான்கு நொடி. மூன்றாவது முறை ஒன்பது நொடி. பிறகு போனைப் போட்டுவிட்டு, துப்புரவு அம்மாளைப் படிக்கட்டில் ஓடச் சொல்லிவிட்டு, திரும்பி ஓடி நெஞ்சை அழுத்தினாள். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. டாக்டர் மேலே வந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அக்கா அழுத்திக்கொண்டே இருந்தாளாம். விலக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்களாம்.

அந்த நேரத்தில் நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மேலே சொல்கிறேன்.

மருத்துவமனை நடத்திய விசாரணையில் டாக்டர் உள்ளதைத்தான் சொன்னார். போன் வந்தது, எடுத்தேன், யாரும் பேசவில்லை, மூன்று முறை அப்படி, எனக்கு வேலை இருந்தது. அக்கா, "நான் பேசினேன், அவர் ஹலோ சொல்றது எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நான் கத்தினேன்" என்றாள். பக்கத்தில் இருந்த நர்ஸும் அதையே சொன்னாள். ஆனால் அவள் அக்காவிடம் வேலை பார்ப்பவள், எப்படி எடுத்துக்கொள்வார்கள்? போன் பதிவேட்டில் மூன்று அழைப்பும் இணைந்ததாகத்தான் இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பெட்டியில எரர் ஏதாவது காட்டுதா?"

"இல்ல சார். பூஜ்யம்."

"போன மாசம் ஒரு டிக்கெட் வந்துச்சே?"

"பாத்தேன் சார். கோளாறு இல்ல."

"அப்ப அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டேன். அதில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை. பெட்டியில் எந்தப் பிழையும் கிடையாது. சொன்னதைச் செய்தது. கடைசி வரிசையில் எத்தனை பொட்டலம் விழுந்தது என்ற கணக்கு வேறு பக்கத்தில் இருக்கும். அதை அவர் கேட்கவில்லை.

விசாரணைக் குழு இப்படி முடிவு செய்தது: பதற்றத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. வார்டிலிருந்து எடுத்துக் கீழே துணிக்கிடங்கில் போட்டார்கள். போர்வைகளை எண்ணி அடுக்கும் வேலை. ஓட்டுநரின் மனைவி உங்களிடம் புகார் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் நடந்தது தெரியாது. அக்கா சாயங்காலம் வந்ததும் சாப்பிட மாட்டாள். போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "நாலாவது மாடி, பத்தாம் படுக்கை, மூச்சு இல்ல, ஓடி வாங்க டாக்டர்." திரும்பவும் அதே. வேகமாக ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை. ஒரு நாள் என்னை மாடியில் இருக்கச் சொல்லி, கீழேயிருந்து என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"நாலாவது மாடி, பத்தாம் படுக்கை, மூச்சு இல்ல, ஓடி வாங்க டாக்டர். கேக்குதாடா?"

"கேக்குதுக்கா."

"எல்லா வார்த்தையுமா?"

"எல்லா வார்த்தையும்."

போனை வைக்காமலே கேட்டாள்: "அப்ப அன்னிக்கி நான் பேசலையாடா?"

"தெரியலக்கா" என்றேன்.

அத்தான் படியேறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த மனிதர் அன்று எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை. "நீயாவது சொல்லுப்பா. அந்த போனு நெஜமாவே சரியாத்தான் இருந்துச்சா? இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும், அவள ஒரு வழியாத் தேத்திடுவேன்." சரியாகத்தான் இருந்தது, நானே பார்த்தேன் என்றேன். அவர் என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கிப் போனார்.

மணி என்ன? பத்து முப்பத்தொன்று. இருக்கட்டும்.

தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் திங்கள் என்று தெரிந்தால் தூக்கம் எப்படி வரும். கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் புரண்டுவிட்டு, எழுந்து, திரும்ப இங்கேயே வந்தேன். தரைத்தளத்தில் எங்கள் அறையில் யாரும் இல்லை. பகல் ஆள் தேநீருக்குப் போயிருந்தான். நாலாவது மாடிப் பெட்டியைத் திரையில் திறந்து, கடைசி வரிசையின் கணக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகல் ஓடிக்கொண்டிருந்தது. எண் அசையாமல் நின்றது. வார்டில் யாரும் பேசவில்லை என்று அர்த்தம்.

பத்து இருபத்திரண்டுக்கு ஏற ஆரம்பித்தது. ஐந்நூற்றைம்பது ஏறி நின்றது. மறுபடி ஏறியது, எழுநூறு. நின்றது. இன்னும் ஒரு நானூற்றைம்பது. நொடிக்கு ஐம்பது பொட்டலம். பின்னால் விசாரணையில் பதினொன்று, பதினான்கு, ஒன்பது என்று படித்தபோது கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. முப்பத்துநாலு நொடி. அக்கா கத்தியதில் ஒரு துண்டுகூட இரண்டாவது மாடிக்குப் போகவில்லை. எல்லாம் என் திரையில் எண்ணாக விழுந்தது. அவள் பேசவில்லை என்று உலகம் சொன்னது. அவள் பேசியதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.

யாரோ அடுத்தடுத்து மூன்று முறை கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. பிரிண்டருக்காக யாரும் மூன்று முறை கூப்பிட மாட்டார்கள். அக்கா கூப்பிடுவாள், என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரியை எடுக்க நாலு நொடி போதும். விரல் விசைமேலேயே இருந்தது. தண்ணீர் குடித்தேன். பிறகு மேலே மாடிப்படியில் அந்தத் துப்புரவு அம்மாள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் "ஐயோ, ஐயோ" என்றபடி இறங்கினாள். அப்போதும் விரலை அழுத்தவில்லை. அதற்குள் போனுக்கு வேலை முடிந்திருந்தது.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். அக்காவுக்காகத்தான். புதன்கிழமை அவள் என்னிடம் சொன்னாள்: "நான் பேசியிருக்க மாட்டேன்டா. வாய்க்குள்ளயே சொல்லியிருப்பேன். எம்மேலதான் தப்பு. அந்த அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்துடறேன். அந்தப் பொண்ணு மூஞ்சிய இனிமே என்னால பாக்க முடியாது." அந்தப் பொண்ணு என்றது ஓட்டுநரின் மனைவியை. அக்கா முகம் தெளிவாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று சாப்பிட்டாள். அன்றிலிருந்து ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. கேன்டீனில் போவது போலப் போகிறாள் சார். ஆள் நிற்பது தெரியாமல் நேராக முன்னால்.

அந்த வரியை எப்போது எடுத்தேன் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. எடுக்கவில்லை. எடுத்தால் எந்த நாள், எந்த நேரம், யார் எடுத்தார் என்று பெட்டி பதிந்துகொள்ளும். அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

நீங்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆமாம், இன்று முதல் திங்கள். நகல் பத்து மணிக்குத் தொடங்கியிருக்கும். இன்னும் பதினைந்து நிமிடம் ஓடும். வெள்ளிக்கிழமை வந்து வெறும் வாயால் சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களா? மேனேஜரைக் கூப்பிட்டிருப்பீர்கள், அவர் என் கையெழுத்தையே எடுத்துக் காட்டியிருப்பார். உங்கள் மேசைப் போனை எடுங்கள். நாலாவது மாடி வார்டுக்கு நம்பர் நாலு, பூஜ்யம், ஒன்று. அடிக்கிறதா? எடுப்பார்கள். இப்போது அங்கே பொறுப்பில் இருப்பது சின்னப் பெண், அன்று பக்கத்தில் நின்றவள். நல்ல குரல். எடுத்துவிட்டாள் பாருங்கள். நீங்கள் ஹலோ சொல்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவளும் இப்போது ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். கத்திக்கொண்டும் இருக்கலாம். மேலே இருபத்திரண்டு படுக்கையும் நிரம்பியிருக்கிறது என்று காலையில் பார்த்தேன்.

உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை அல்லவா? எழுதிக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லைச் சொல்கிறேன், ஒளிக்கப் போவதில்லை. பதற வேண்டாம், நான் எதையும் நிறுத்தவில்லை, காத்திருக்கத்தான் சொன்னேன். முதலில் அந்தக் காகிதத்தை இப்படித் திருப்புங்கள், நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். மத்தியானம் அக்கா வந்து என்ன எழுதிக் கொடுத்தாலும், அது இதற்குக் கீழேதான் இருக்க வேண்டும்.